அப்பாவின் நோட்டில் 33500: இது எந்த சேத்தக்?

அரக்கோணம்_மகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருஷமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதுதான் என் முதல் பதிவு.

அப்பா நேவியில் ஏர் மெக்கானிக். 1974-ல் சேர்ந்தார். கொச்சியில் பல வருஷம், நடுவில் விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலில், 1992-ல் நேவியின் விமானத்தளம் ஐஎன்எஸ் ராஜாளி தொடங்கியதும் அரக்கோணம். கடைசிவரை அவர் கை வைத்தது சேத்தக் ஹெலிகாப்டரில்தான். ஓய்வுக்குப் பிறகும் வீட்டு மாடிமேல் ஒன்று போனால் சாப்பாட்டை விட்டு எழுந்து வந்து அண்ணாந்து பார்ப்பார். "சத்தம் சரியா இருக்கு" என்பார், திரும்பப் போய் உட்காருவார். போன பங்குனியில் தவறிவிட்டார்.

அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு போட்டோவும், பாக்கெட் நோட்டு ஒன்றும், நோட்டுக்குள் மடித்து வைத்த ஒரு காகிதமும் கிடைத்தன. போட்டோ விக்ராந்தின் மேல்தளத்தில் எடுத்தது. அப்பா முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருக்கிறார். வாலில் ஐஎன், 4, 7 என்பது தெரிகிறது. கடைசி இலக்கத்தை ஒருவர் தோளால் மறைத்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் இறக்கையை மேலே மடித்த விமானம் ஒன்று இருக்கிறது. மடித்த காகிதத்தில் ஏதோ உலோகத் தகட்டின்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு. "ஆர்தூஸ்த்" என்ற சொல்லும் ஓர் எண்ணும் படிக்க முடிகிறது. நோட்டில் ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் 33500 என்று எழுதியிருக்கிறார். சில பக்கத்தில் அதை வட்டமிட்டும் இருக்கிறார்.

33500 என்பதுதான் அவருடைய ஹெலிகாப்டரின் எண் என்று நினைத்து ஆறு மாதமாகத் தேடுகிறேன். எந்தப் பட்டியலிலும் அப்படி ஒரு எண் இல்லை. மூன்று எண்ணும் ஒன்றோடொன்று ஒத்தும் வரவில்லை. அந்த ஒரு ஹெலிகாப்டர் எது, இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய_இன்ஜின்காரன் எழுதியது:

அம்மா, உன் பதிவைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் பெங்களூரில் 31 வருஷம் இந்த இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவன்.

33500 ஹெலிகாப்டரின் எண் இல்லை அம்மா. அது வேகம். சேத்தக்கில் இருக்கும் ஆர்தூஸ்த் 3பி இன்ஜின் நிமிஷத்துக்கு 33,500 சுற்று சுற்றும். கம்ப்ரசரும் டர்பைனும் ஒரே ஷாஃப்ட்டில் இருக்கும் இன்ஜின் அது. ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் கலெக்டிவ் நெம்புகோலை பைலட் மேலே இழுத்தாலும் இறக்கினாலும், கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எரிபொருளைக் கூட்டிக் குறைத்து அந்த 33,500-ஐ விடாமல் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து கியர்கள் வழியாக ஏறத்தாழ 95-க்கு ஒன்று என்று குறைந்து, தலைக்குமேல் ரோட்டார் நிமிஷத்துக்கு 353 சுற்று வரும். அதனால் பாரம் ஏறினால் பிளேடு காற்றை அடிக்கிற அடி கனக்குமே தவிர, இன்ஜினின் அந்த மெல்லிய விசில் ஏறாது, இறங்காது. பழகிய காது, சுருதி நகர்ந்தால் மீட்டரைப் பார்க்கும் முன்பே பிடித்துவிடும். அப்பா "சத்தம் சரியா இருக்கு" என்றாரே, மாடியில் நின்று அவர் கேட்டது இந்த 33,500-ஐத்தான்.

நோட்டில் இருப்பது கிரவுண்ட் ரன் குறிப்பாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் தரையில் நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டுப் பார்ப்போம். சுற்று எவ்வளவு, புகைக்குழாய் வெப்பம் எவ்வளவு, ஆயில் அழுத்தம் எவ்வளவு என்று குறித்துக்கொள்வோம். முறையான பதிவு லாக் புத்தகத்தில் ஏறும். பாக்கெட் நோட்டு அவரவர் மனத்திருப்திக்கு. நான்கூட வைத்திருந்தேன்.

தேய்த்து எடுத்த தகடும் ஹெலிகாப்டருடையது இல்லை, இன்ஜினுடையது. இன்ஜினுக்குத் தனி எண், தனி லாக் கார்டு. ஓட வேண்டிய மணிக்கணக்கு நிரம்பினால் கழற்றி, முழுதாகப் பிரித்துச் சீர்செய்ய எங்களிடம் வரும். இங்கிருந்து போகும்போது அதே ஹெலிகாப்டருக்குத்தான் போகும் என்பதில்லை. ஒரு சேத்தக்கில் ஓடியது அடுத்த முறை வேறு ஒரு சேத்தக்கில் ஓடும். பிளேடுகளும் கியர்பாக்ஸும் அப்படித்தான். ஓர் இன்ஜினின் பயணத்தைத் தொடர்ந்தால் நீ பத்து ஹெலிகாப்டருக்குப் போய்ச் சேருவாய். உனக்கு வேண்டிய ஒன்று கிடைக்காது.

நோட்டைத் திரும்பப் பார். 33500-க்குப் பக்கத்திலோ கீழேயோ 353 இருக்கிறதா என்று தேடு. பக்கத்தின் தலையில், தேதிக்கு அருகில், மூன்று இலக்க எண் ஏதாவது சின்னதாக இருக்கும். எந்த ஹெலிகாப்டரை ஓடவிட்டோம் என்று எழுதாமல் எந்த மெக்கானிக்கும் குறிப்பு வைக்க மாட்டான்.

---

எம்மென்_காரன் எழுதியது:

அக்கா, வணக்கம். நான் சுவிஸில இருக்கிறன், ஊர் பருத்தித்துறைப் பக்கம். இஞ்ச விமானப்படை வச்சிருந்த அலுவெட் 3 ஹெலிகாப்டர்களின்ர வரலாற்றைத்தான் பதினைஞ்சு வருசமாச் சேர்க்கிறன். மொத்தம் 84. முதல் 24 பிரான்சில இருந்து வந்தது, மிச்சம் 60-ஐ இஞ்ச எம்மென் எண்ட ஊரில கட்டினவை. 2010-ஓட எல்லாம் ஓய்வு. உங்கட அப்பாவின்ர சேத்தக் இதே குடும்பம்தான். அலுவெட் எண்டா பிரெஞ்சில வானம்பாடி.

நான் செய்த பிழையைச் சொல்லுறன், நீங்கள் செய்யாதேங்கோ. ஒரு படத்தில கதவில இருந்த பெயின்ற் அடையாளத்தை வச்சு இது இன்ன எண்தான் எண்டு எழுதி வச்சிட்டன். ரெண்டு வருசம் கழிச்சுப் பார்த்தா, கதவை வேற ஹெலிகாப்டரில இருந்து கழட்டிப் போட்டிருக்கினம். வாலும் அப்பிடித்தான். அலுவெட் 3-இல நடுவில இரும்புக் குழாயால ஒட்டின சட்டகம் இருக்கு, முன்னால கபின், பின்னால தகட்டால செய்த வால். வால் அடிபட்டா வேற வாலைப் பூட்டலாம். திரும்பப் பெயின்ற் அடிக்கும் வரைக்கும் பழைய ஹெலிகாப்டரின்ர எண் அதில நிண்டிடும். ஒரு ஹெலிகாப்டர் "அதேதான்" எண்டு சொல்ல, உடல் சட்டகத்தின்ர தகட்டை மட்டும்தான் நம்புறன். அதில கம்பனிப் பெயரையும் பாருங்கோ. சூட் அவியாசியோன் எண்டு இருந்தா 1970-க்கு முந்தினது, அந்த வருசம்தான் அது ஏரோஸ்பசியால் ஆனது. எச்ஏஎல் எண்டு, அதாவது இந்தியக் கம்பனியின்ர பெயர், இருந்தா பெங்களூர்ப் பிள்ளை.

படத்தின்ர காலத்தை இப்பவே நெருக்கலாம். பின்னால மடிச்ச இறக்கை எண்டீங்கள். விக்ராந்தில பிறகு வந்த சீ ஹாரியர் ஜெற்றின்ர இறக்கை மடியாது. அப்ப அது சீ ஹாக் எண்ட பழைய ஜெற், இல்லாட்டி அலிசே எண்ட புரொப்பெல்லர் விமானம். மூக்கில புரொப்பெல்லர் இருக்கா? இருந்தா அலிசே. இல்லையெண்டா சீ ஹாக், அது 1983-ஓட முடிஞ்சுது. 1979-இல இருந்து 1982 தொடக்கம் வரைக்கும் விக்ராந்த் பெரிய திருத்த வேலையில நிண்டது, அந்த நேரம் தளத்தில இப்பிடிப் பறப்பு நடக்க வாய்ப்பில்லை. அப்பா 1974-இல சேர்ந்தவர் எண்டா முதல்ல 1974-க்கும் 1979-க்கும் இடையில தேடுங்கோ. ஜெற் ஏறி இறங்கேக்க யாராவது கடலில விழுந்தாத் தூக்க, கப்பலுக்குப் பக்கத்தில ஒரு அலுவெட் எப்பவும் காத்துக்கொண்டு நிக்கும். அந்த வேலை 321-ஆம் ஸ்குவாட்ரனுக்கு. அவை 1969-இலயே தொடங்கீட்டினம். தேடேக்க அந்த எண்ணையும் போட்டுப் பாருங்கோ.

---

சூலூர்_வானம் எழுதியது:

அக்கா, இரண்டே விஷயம். தேடும் எண் இந்தியாவில் எங்கேயும் இல்லை என்றால் உடைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். இங்கிருந்து சேத்தக்குகள் மொரீஷியஸ் போலீஸுக்கும் சேஷல்ஸுக்கும் நமீபியாவுக்கும் சுரினாமுக்கும் போயிருக்கின்றன. கோவாவில் நேவியின் விமான அருங்காட்சியகத்திலும் ஒன்று நிற்கிறது. போகிறவர்கள் வாலை மட்டும் படம் எடுத்துவிட்டு வராமல் தகடு எங்கே இருக்கிறது என்றும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, ராஜாளி வேலிப் பக்கம் நின்று படம் எடுக்க வேண்டாம். சேத்தக் இன்றைக்கும் பணியில் இருக்கும் ஹெலிகாப்டர். எது இப்போது எங்கே பறக்கிறது என்று இங்கே யாரும் எழுதவும் வேண்டாம். பழைய கதை மட்டும் போதும்.

---

அரக்கோணம்_மகள் எழுதியது:

ஐயா, 353 இருக்கிறது. 33500-க்குக் கீழே கோடு போட்டு 353. எல்லாப் பக்கத்திலும். ஆறு மாதம் அதைப் பார்த்தும் நான் ஏதோ பஸ் நம்பர் என்று விட்டுவிட்டேன். நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவர் சத்தம் சரின்னு சொன்னா அன்னைக்குப் பூரா நல்லா இருப்பார்" என்றாள். பிறகு நோட்டை வாங்கி அவளே ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட ஆரம்பித்துவிட்டாள்.

தம்பி, அந்த விமானத்தின் மூக்கில் புரொப்பெல்லர் இல்லை. வெறும் வட்டமான மூக்கு. அப்படியென்றால் சீ ஹாக். அப்பா எனக்கு அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை.

பக்கத் தலையில் எண் இருக்கிறது, அதுவும் நீங்கள் சொன்னபடியே தேதிக்குப் பக்கத்தில். நோட்டு முழுக்க மூன்று வேறு எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆக, அவருக்கு ஒரு ஹெலிகாப்டர் இல்லை, மூன்று. அதில் ஒன்றுதான் 47-ல் தொடங்குகிறது. ஆனால் மூன்றாவது இலக்கத்தில் எண்ணெய்க் கறை. ஓரிடத்தில் 3 போல இருக்கிறது, இன்னோர் இடத்தில் 8 போல. வட்டமிட்ட 33500 எல்லாம் அந்த ஹெலிகாப்டருடைய பக்கங்களில் மட்டுமே இருக்கிறது. வட்டம் எதற்கு?

---

பழைய_இன்ஜின்காரன் எழுதியது:

வட்டமிட்ட பக்கங்களின் தேதிகளை அனுப்பு அம்மா. இன்ஜின் மாற்றிப் பூட்டியபின் ஓடவிட்ட முதல் ஓட்டமாக இருக்கலாம். தகட்டைத் தேய்த்த காகிதம் எந்தப் பக்கத்தில் மடித்திருந்தது என்று நினைவிருக்கிறதா? வட்டமிட்ட பக்கம் ஒன்றில் இருந்தால் புது இன்ஜின் வந்த அன்றைக்கு அப்பா அந்தத் தகட்டை எடுத்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

---

அரக்கோணம்_மகள் எழுதியது:

முதல் வட்டம் போட்ட பக்கத்தில்தான் ஐயா இருந்தது. தேதி 1977 ஆகஸ்ட். காகிதம் இருந்த இடத்தில் தாள் இன்னும் வெளுப்பாகவே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய், அந்த 47 ஹெலிகாப்டருடைய பதினோரு பக்கத்தையும் பெரிதாக ஸ்கேன் எடுத்துப் போடுகிறேன். அந்தக் கடைசி இலக்கம் 3-ஆ 8-ஆ என்று ஆளுக்கு ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். அப்பா 8 போடும்போது மேல் சுழியைச் சின்னதாகப் போடுவார் என்கிறாள் அம்மா.