டிச் லைட்டுக்குத் தமிழ்: ‘பள்ள விளக்கு’ வேண்டாம்

குழுவினருக்கு வணக்கம்.

ரயில் சொற்பட்டியலில் டிச் லைட்டுக்கு, அதாவது எஞ்சின் முகப்பில் கீழே இரு பக்கமும் எரிகிற விளக்குகளுக்கு எதிரே ‘பள்ள விளக்கு’ என்று ஏறியிருக்கிறது. எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. அந்த விளக்கு சரக்கு எஞ்சினில் எங்கே இருக்கிறது, யாருக்காக எரிகிறது என்ற இரண்டையும் பார்த்தால் பெயர் தானாக வரும்.

கனடாவின் மேற்கு மலைப்பாதைகளில் பழகிய சங்கதி இது. வளைவில் முகப்பு விளக்கின் வெளிச்சம் நேரே போய்விடும், தண்டவாளம் திரும்பிவிடும். மேலிருந்து உருண்ட பாறை கடைசி நேரத்தில்தான் கண்ணில் படும். அதனால் எஞ்சின் முகப்பில் கீழே, இரண்டு பக்கமும் ஒவ்வொரு விளக்கை வைத்துப் பாதையோர வடிகால் வரை வெளிச்சம் விழச் செய்தார்கள். டிச் என்றால் அந்த வடிகால் பள்ளம், அது பெயரில் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். பிறகு வேலை மாறிவிட்டது. மணிக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் வேகமாகச் சாலைக் கடவுகளைத் தாண்டுகிற எஞ்சின்களில் 1997 டிசம்பர் 31க்குள் இவை இருக்க வேண்டும் என்று அமெரிக்கா விதி போட்டது. ஓட்டுநர் பள்ளத்தைப் பார்ப்பதற்கல்ல, கேட்டருகே நிற்கிறவர் எஞ்சினைப் பார்ப்பதற்கு.

இருட்டில் ஒற்றை விளக்கு வந்தால் வண்டி எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் வருகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. மேலே முகப்பு விளக்கு, கீழே இடமும் வலமும் இரண்டு என்றால் முக்கோணம் கிடைக்கிறது. கிட்டே வர வர அது விரியும். விரிகிற வேகத்தைப் பார்த்தே ‘இப்போது தாண்டக் கூடாது’ என்று ஆள் நின்றுவிடுவார். அந்த அமெரிக்க விதியும் இடத்தைத்தான் கறாராகப் பிடிக்கிறது. சரக்கு எஞ்சினில் தண்டவாளத்துக்கு மேல் குறைந்தது 36 அங்குல உயரம் வேண்டும். முகப்பு விளக்குக்கும் இவற்றுக்கும் நடுவே செங்குத்தாக 60 அங்குலமோ மேலோ இருந்தால், இடது விளக்குக்கும் வலது விளக்குக்கும் இடையே 36 அங்குலம் போதும். அந்த உயரம் குறைந்தால் இரண்டையும் 60 அங்குலம் விலக்கி வைக்க வேண்டும். உயரத்தில் விட்டதை அகலத்தில் பிடிக்கிற கணக்கு. சில ரயில் நிறுவனங்கள் கப்ளிங்கின், அதாவது பெட்டியை இணைக்கும் கொக்கியின் இரு பக்கமும், எஞ்சின் தளத்துக்குக் கீழே பொருத்துகின்றன. சில, தளத்துக்கு மேலே கைப்பிடிக் கம்பியை ஒட்டி. எப்படியானாலும் முகப்பின் இரண்டு ஓரம்.

ஆகவே ‘ஓர விளக்கு’ என்கிறேன். பாதை ஓரத்துக்கு வெளிச்சம் காட்டிய பழைய வேலையும் அதில் இருக்கிறது, எஞ்சினின் ஓரத்தில் இருக்கிற இடமும் இருக்கிறது.

தக்கலை அண்ணன் இரணியலில் எடுத்து அனுப்பிய சரக்கு எஞ்சின் படத்தைப் பார்த்தேன். கீழ்மூலைகளில் வெள்ளையும் சிவப்புமாக ஜோடி ஜோடியாக இருப்பவை மார்க்கர் விளக்குகள். எஞ்சின் தனியாக ஓடும்போது இரவில் பின்பக்கம் சிவப்பு எரியும். இடம் ஏறக்குறைய ஒன்றுதான், வேலை வேறு. பட்டியலில் தனி வரி கொடுங்கள்.

•

தம்பி, ஓர விளக்கு எனக்குச் சம்மதம். எஞ்சினில் காலம் கழித்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். பிளாஷரை இதோடு போட்டுக் குழப்பிவிடாதீர்கள். அது முகப்பில் மேல்பக்கம், மஞ்சளாக விட்டு விட்டு எரியும். ரோட்டில் நிற்கிற ஆளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வண்டி தடம் புரண்டாலோ, நடுவில் அறுந்து பிரேக் குழாயில் காற்றழுத்தம் விழுந்தாலோ அது எரியணும். என் பெட்டி பக்கத்து லைனில் சாய்ந்து கிடக்கலாம், அந்த லைனில் எதிரே வருகிறவனுக்கு அது தெரியாது. பிளாஷரைப் பார்த்தால் அவன் வண்டியை நிறுத்தியாகணும். அப்புறம்தான் சிவப்புக் கொடி, எச்சரிக்கைக்குத் தண்டவாளத்தில் வைக்கிற வெடி எல்லாம். அழுத்தம் விழுந்ததும் தானாகவே எரிகிற ஏற்பாடும் எஞ்சின்களில் உண்டு. நம்ம பக்கம் ஒற்றை லைனாக இருந்தவரை இதற்கு அவ்வளவு வேலை இல்லை, பக்கத்து லைன் இருந்தால்தானே. ஆரல்வாய்மொழி வழியாக இரட்டை லைன் வந்தபிறகு கதை வேறு.

•

அண்ணாச்சி சொன்னது பெரிய உதவி. டிச் லைட்டுக்கு ‘மின்னும் விளக்கு’ என்று வைக்கலாம் என இங்கே இரண்டு பேர் எழுதியிருந்தார்கள், அது இதனால் அடிபட்டுப் போகிறது. டிச் லைட்டும் சில இடங்களில் மாறி மாறி மின்னும், நிமிடத்துக்கு 40 முதல் 180 தடவை வரை அமெரிக்க விதி இடம் தருகிறது. ஆனால் மின்னியே ஆக வேண்டும் என்றில்லை. நம் பிளாஷருக்கோ மின்னுவதுதான் உயிர். அந்தப் பெயர் அதற்கே இருக்கட்டும்.

மார்த்தாண்டம் ஆசிரியர் சொன்ன ‘கடவு விளக்கு’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் பள்ளியாடி கேட்டில் நிற்கிறவரிடம் கடவு விளக்கு எங்கே என்று கேட்டால் கேட் கம்பத்தைத்தான் காட்டுவார். ‘துணை எச்சரிக்கை விளக்கு’ தப்பில்லை, ஆனால் அது வகையின் பெயர். விதிநூல் நடையில் எழுதுகிறவர்கள் அதை வைத்துக்கொள்ளட்டும்.

லாரிக்காரர்களும் ஓர விளக்கு என்று சொல்வார்களே என்று ஒரு கேள்வி வந்தது. நான் கேட்டவரை அவர்கள் வாயில் சைடு லைட்தான். சந்தேகம் வரும் இடத்தில் ‘எஞ்சின் ஓர விளக்கு’ என்று எழுதினால் தீர்ந்தது.

வரையறையாக இதைப் போடுகிறேன்: ஓர விளக்கு – எஞ்சின் முகப்பின் கீழ்ப்பகுதியில் இடமும் வலமுமாகப் பொருத்தி, முகப்பு விளக்கோடு முக்கோணமாகத் தெரியும் வெள்ளை விளக்கு இரண்டில் ஒன்று. மார்க்கர், பிளாஷர் வரிகளை அண்ணாச்சியே எழுதித் தந்தால் நல்லது. சேர்த்து ‘ஓரவிளக்கு’ என்பதா, பிரித்து எழுதுவதா என்பதை இலக்கணம் பார்க்கிறவர்கள் சொல்லுங்கள்.