அப்பாவின் முதல் கம்ப்யூட்டர்: என்ன வாங்கினீர்கள், என்ன ஆயிற்று?

அப்பாவுக்கு 74 வயது. போன வருடம் திடீரென்று, "எனக்கும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுடா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இருப்பதிலேயே மெல்லியதாக, எடை குறைவாகப் பார்த்து 14 அங்குல லேப்டாப் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் லேப்டாப் பெட்டிக்குள், பெட்டி அலமாரி மேல்.

"நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் வரலை" என்றார். அந்த 'எனக்குத்தான்' உறுத்திக்கொண்டே இருந்தது. சரி என்று ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். டச்பேடில் விரலை வைக்கிறார், அம்புக்குறி ஓடுகிறது. ஐகான் மேல் கொண்டுவந்து நிறுத்தி அழுத்தும்போது விரல் நூலளவு நகர்கிறது. ஐகான் திறப்பதற்குப் பதிலாக அம்புக்குறியோடு சேர்ந்து திரையின் மறுகோடிக்குப் போய்விடுகிறது. இரண்டு விரலால் தள்ளினால் பக்கம் நகரும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு விரலே சொன்ன பேச்சைக் கேட்காதபோது இரண்டாவதற்கு எங்கே போவார்? எழுத்து தெரியவில்லை என்று கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்தி, தலையைப் பின்னால் சாய்த்து, பத்தாவது நிமிடம் கழுத்தைத் தடவ ஆரம்பித்துவிட்டார்.

மெல்லியது, எடை குறைவு என்பதெல்லாம் பையில் போட்டுக்கொண்டு அலைகிற எனக்குத்தான். அவர் அதை மேசையை விட்டு எடுக்கப்போவதே இல்லை. எனக்கு வேண்டியதை அவருக்கு வாங்கியிருக்கிறேன். இதே பாதையில் போனவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

* * *

லேப்டாப்பை விற்றுவிடாதீர்கள். அம்மாவுக்காக நாங்களும் இதே தப்பைச் செய்தோம். மானிட்டர் ஒன்றும் மவுஸ் ஒன்றும் சேர்த்ததோடு பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 15.6 அங்குல லேப்டாப் திரையானாலும் 24 அங்குல மானிட்டரானாலும் பெரும்பாலும் 1920×1080 புள்ளிகள்தான். சின்னத் திரையில் அங்குலத்துக்கு 141 புள்ளி நெருக்கியடித்து நிற்கும், பெரியதில் 92 தான். ஆக, விண்டோஸின் ஸ்கேல் அளவு இரண்டிலும் ஒன்றாக இருந்தால் எழுத்து ஒன்றரை மடங்கு பெரிதாகிவிடும். இன்னும் நன்றாக இருக்குமே என்று, இதைவிட நான்கு மடங்கு புள்ளிகள் உள்ள 4கே பக்கம் போகாதீர்கள். அளவை ஏற்றி வைக்காவிட்டால் எழுத்தெல்லாம் எறும்பு வரிசைதான்.

நாங்கள் கோட்டைவிட்டது வேறு இடத்தில். உயரமாக இருந்தால் நல்லது என்று நான்கு தடிமனான புத்தகங்களை அடுக்கி அதன்மேல் மானிட்டரை வைத்தோம். அம்மா போடுவது மேலே தூரத்துக்கு, கீழே படிக்க என்று இரண்டு பவர் உள்ள கண்ணாடி. கீழ்ப் பகுதி வழியாகத் திரையைப் பார்க்க வேண்டுமென்றால் முகவாயைத் தூக்கியே ஆக வேண்டும். உங்கள் அப்பாவும் அதனால்தான் தலையைச் சாய்க்கிறார் என்று நினைக்கிறேன். புத்தகங்களை உருவினோம், கழுத்து வலி போச்சு. எங்கள் வீட்டில் அந்தப் புத்தகங்களை யாராவது கையில் எடுத்தது அன்றைக்குத்தான்.

* * *

வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் சரிசெய்வது என் தொழில். என்னைக் கூப்பிடுகிறவர்களில் பெரியவர்கள்தான் அதிகம். வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: எஸ்எஸ்டி (பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) கட்டாயம், 8 ஜிபி ரேம், அதற்குமேல் அவர்களுக்குத் தேவையில்லை. சேமிப்பிடம் 64 ஜிபி மட்டும் உள்ள மலிவு லேப்டாப் வேண்டவே வேண்டாம். விண்டோஸே பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இடமில்லை, இடமில்லை என்று அழுதுகொண்டிருக்கும்.

உங்கள் பழையதைப் பெரியவர்கள் தலையில் கட்டாதீர்கள். 'அவருக்கு இது போதும்' என்று வீட்டிலேயே மிக மெதுவான மெஷினை, இருப்பதிலேயே பழக்கம் குறைந்தவரிடம் கொடுக்கிறோம். ஒரு கிளிக் செய்து ஐந்து நொடி எதுவும் நடக்கவில்லை என்றால் நாம் காத்திருப்போம். அவர்கள் தாம் சரியாக அழுத்தவில்லை என்று நினைத்து இன்னும் நான்கு முறை அழுத்துவார்கள். ஒரே ஜன்னல் ஐந்து தடவை திறக்கும். மேலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. 11-க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் கேட்கும், பல பழைய மெஷின்களில் அது கிடையாது. பழையதுதான் கொடுப்பேன் என்றால் எஸ்எஸ்டி மாற்றி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளம் போட்டுக் கொடுங்கள். கீழே ஒரு பட்டை, மூலையில் ஒரு மெனு என்று பழகிய முகமாகத்தான் இருக்கும்.

இனி வாங்கிய பிறகு வரும் அழைப்புகள். ஒரு அம்மா, "கீபோர்டு செத்துப்போச்சு" என்றார். போய்ப் பார்த்தால் தட்டினால் எழுத்து வரவில்லை, அழுத்திப் பிடித்தால் வருகிறது. வலது ஷிப்ட் மேல் கையை ஊன்றிக்கொண்டு யோசிப்பது அவர் பழக்கம். எட்டு நொடி அப்படியே இருந்தால் சட்டென்று தட்டுவதைக் கணக்கில் எடுக்காத ஃபில்டர் கீஸ் வசதியைப் போடவா என்று விண்டோஸ் கேட்கும். கேட்கிறதே, பாவம் என்று 'ஆம்' கொடுத்திருக்கிறார். ஷிப்டை ஐந்து முறை தட்டினால் வரும் ஸ்டிக்கி கீஸும் (ஷிப்ட் போன்றவற்றை அழுத்திப் பிடிக்காமலே வேலை செய்யவைப்பது) இதற்குத் தம்பிதான். இரண்டின் குறுக்கு வழியையும் அமைப்பில் போய் அணைத்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் மெஷினைக் கையில் கொடுக்கிறேன்.

அதைவிட முக்கியம், பிரவுசரில் நோட்டிபிகேஷன் கேட்கும் வசதியையே மூடிவிடுங்கள். ஏதோ ஒரு தளம் அனுமதி கேட்கும், இவர்கள் மரியாதைக்கு அனுமதிப்பார்கள், மறுநாளிலிருந்து திரை மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று வந்துகொண்டே இருக்கும். சில நேரம் திரை முழுக்கச் சிவப்பாக, கூப்பிடச் சொல்லி ஒரு போன் நம்பரோடு வரும். உண்மையான விண்டோஸ் எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. நம்பர் இருந்தால் பொய் என்று ஒரு தாளில் பெரிதாக எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைக்கிறேன். எந்த ஆன்டிவைரஸையும்விட அந்தத் தாள் நன்றாக வேலை செய்கிறது.

* * *

நண்பர்களே, நான் 'அப்பா' தரப்பு. வயது 71. உங்களையெல்லாம் படிக்கப் படிக்கச் சிரிப்பு வருகிறது. எல்லோரும் எங்களுக்கு வாங்குகிறீர்கள், எங்களை யாரும் கேட்பதில்லை.

எனக்கு மகன் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தான். என் விரல் நுனி காய்ந்து போனது, தொட்டால் பாதி நேரம் அதற்கு உறைக்கவில்லை. அழுத்தித் தொட்டால் வேறு ஏதோ மெனு வரும். படம் பார்க்க, முகம் பார்த்துப் பேச அது போதும், இல்லையென்று சொல்லவில்லை. எனக்கு வேண்டியிருந்தது நீளமாக எழுத. ஆங்கிலத் தட்டச்சு தேறியவன் நான். கீபோர்டைக் கண்டு எனக்கு என்ன பயம்? இரண்டு விரலால் கொத்துகிற பிள்ளைகள் எனக்குச் சொல்லித் தருகிறார்கள்! எனக்கு வராதது மவுஸ்தான்.

அந்த மவுஸுக்கு இரண்டு வழி கண்டுபிடித்தேன். டபுள் கிளிக் வரவில்லையா, ஒரு தடவை சொடுக்கி என்டர் தட்டினால் போதும், திறந்துவிடும். இதை எனக்கு எவரும் சொல்லவில்லை. இரண்டாவது, சாலிடேர். 1990-இல் வந்த விண்டோஸ் 3.0 காலத்திலிருந்து இருக்கும் சீட்டாட்டம். சீட்டைப் பிடித்து இழுத்து இன்னொன்றின் மேல் விட வேண்டும். பத்து நாள் ஆடினேன், கை பழகிவிட்டது. விளையாடுகிறேன் என்று வீட்டில் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

தமிழுக்கு விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. க-வை இரண்டு தடவை தட்டினால் முதல் க-வுக்குப் புள்ளி தானே விழுந்து 'க்க' என்று வரும். முதன்முதலாக அதைப் பார்த்தபோது, இது நம்மைத் தெரிந்தவன் செய்தது என்று தோன்றியது.

தம்பி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சொல்லித் தரும்போது மவுஸ் யார் கையில் இருந்தது? என் மகன் என் கையிலிருந்து வாங்கி, "இவ்ளோதாம்ப்பா" என்று நான்கு கிளிக்கில் முடித்துவிட்டு எழுந்து போய்விடுவான். மகள் என் மவுஸைத் தொடவே மாட்டாள். வேறு ஊரிலிருந்து போனில்தான் சொல்லித் தருகிறாள். அவளிடம் இருப்பதும் என்னிடம் இருப்பதும் ஒரே மாதிரி மெஷின், ஒரே விண்டோஸ். "இடது பக்கம் கீழே நீலமா ஒண்ணு தெரியுதாப்பா?" என்பாள். தெரியும். எனக்கு எளிதான கம்ப்யூட்டர் அதுதான்.

* * *

ஐயா சொன்ன கடைசி விஷயத்துக்காகவே எழுதுகிறேன். அத்தைக்கு குரோம்புக் வாங்கினோம், விண்டோஸ் இல்லாமல் கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் லேப்டாப். திறந்தால் பிரவுசர், தானாக அப்டேட், வைரஸ் தொல்லை அநேகமாக இல்லை. மெயிலும் வீடியோவும் மட்டும் போதும் என்பவருக்கு இதைவிட எளிது கிடையாது. ஆனால் வீட்டில் வேறு யாரிடமும் குரோம்புக் இல்லை. பிரிண்டர் தகராறு செய்த அன்று அத்தை போன் செய்தால் நாங்கள் ஐந்து பேரும் விழிக்கிறோம். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் அந்த மாடலுக்கு எந்த வருடம் வரை அப்டேட் என்பதைப் பார்த்துவிடுங்கள். 2021 முதல் வந்தவற்றுக்கு 10 வருடம் என்று கூகுள் சொல்லியிருக்கிறது. அந்தக் கணக்கு அந்த மாடலின் உள்ளிருக்கும் வன்பொருள் அமைப்பு முதலில் வந்ததிலிருந்து, நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து அல்ல.

* * *

திரும்ப வந்திருக்கிறேன், முதலில் எழுதியவன். ஐயா, நீங்கள் கேட்டதற்குப் பதில்: மவுஸ் என் கையில்தான் இருந்தது. அதாவது, அப்போது மவுஸே இல்லை, டச்பேடும் என் கையில்தான்.

24 அங்குல மானிட்டர், கம்பியுள்ள சாதாரண மவுஸ், பெரிய எழுத்து போட்ட கீபோர்டு வாங்கினேன். லேப்டாப்பை மூடி மானிட்டருக்குப் பின்னால் தள்ளிவிட்டேன், மூடினாலும் தூங்காதபடி அமைத்து. அம்புக்குறியைப் பெரிதாக்கி மஞ்சள் நிறம் கொடுத்தேன். எழுத்தளவு 225 சதவீதம் வரை போகிறது. அப்பா 150-இல் நிறுத்தச் சொன்னார். டெஸ்க்டாப்பில் மூன்றே ஐகான். முந்தா நாள் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெயிலைத் திறக்க ஒன்பது நிமிடம் ஆயிற்று. எனக்குத்தான் வியர்த்தது.

நேற்று இரவு போன் செய்தார். நான்காவதாக ஒரு ஐகான் வந்திருக்கிறதாம், யார் வைத்தது என்று கேட்டார். விசாரித்தால், சாலிடேரை அவரே தேடிப் பிடித்து இழுத்துக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். எடுத்துவிடட்டுமா என்றேன். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று போனை வைத்துவிட்டார்.