மறு: ஸ்லீப் பராலிசிஸ் – வாதமா, அமுக்கமா, முடக்கமா?

நண்பர்களே, தூக்கநோய்க் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன், திங்களன்று அச்சுக்குப் போகிறது. ஸ்லீப் பராலிசிஸுக்கு, அதாவது விழித்தும் உடலை அசைக்க முடியாத நிலைக்கு, முதலில் 'தூக்க வாதம்' என்று போட்டேன். படித்த என் அத்தை பக்கவாதத்தில் ஒரு வகை என்று நினைத்துப் பயந்துவிட்டார். கனவு வரும் உறக்கத்தில் கை கால் ஆடாதபடி மூளைத்தண்டு தசைகளைத் தளர்த்தி வைக்கிறது, விழித்த பிறகும் அந்தத் தளர்ச்சி கொஞ்ச நேரம் நீடித்துத் தானாக விலகுகிறது, அவ்வளவுதான். ஊரில் 'அமுக்குவான் பேய்' என்கிறார்களே, பேயை விட்டு 'உறக்க அமுக்கம்' எனலாமா?

*

தம்பி, வாதத்தை விட்டது நல்லது. வாதத்தை வளி என்றே கொண்டு 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்று வள்ளுவர் சொல்லியிருக்க, வாதம் எதற்கு? 'துயில்வளி' என்பது என் பரிந்துரை. யாராவது 'துஞ்சு' என்று தொடங்கினால் ஏற்காதீர்கள். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்ற சோழன் அங்கே தூங்கவில்லை, இறந்தான். நோயாளிக்கு அந்தச் சொல் ஆகாது.

*

ஐயா, துயில்வளி என்றால் மூச்சுக் கோளாறு என்றுதான் புரிந்துகொள்வார்கள். அமுக்கமும் சரிவராது. இலங்கையில் நாங்கள் அழுத்தத்தை (பிரஷர்) குருதி அமுக்கம், வளியமுக்கம் என்றே படித்தோம். தவிர, விழித்திருக்கும் நேரம் கூடக்கூடத் தூக்கத்துக்கான உந்துதல் ஏறுகிறது என்று 1982-இல் உறக்க ஆய்வாளர் போர்பேலி சொன்னாரே, 'உறக்க அமுக்கம்' என்றால் மாணவர்கள் அதைத்தான் நினைப்பார்கள். அடங்கு, அடக்கம் போல முடங்கு, முடக்கம்: 'உறக்க முடக்கம்'. இதில் முடக்குபவன் என்று எவனும் இல்லை.

*

பெரும்பாலோர் முடக்கம் என்பதால் அதையே எழுதுகிறேன். ஆனால் மனம் முழுதாக ஒப்பவில்லை. நெஞ்சு அமுங்குவது வெறும் பேய்க்கதை இல்லை, அந்த நேரத்தில் நினைத்தபடி மூச்சை ஆழமாக இழுக்க முடியாது. ஜப்பானியர் இதற்குச் சொல்லும் 'கனாஷிபாரி'யில் கட்டிப்போட்ட உணர்வு அப்படியே இருக்கிறது, 'முடக்க'த்தில் அந்தப் பாரம் இல்லை. அதனால் முதல் வரியிலேயே 'அமுக்குவான் பேய்' என்று ஊர்ப்பெயரையும் கொடுக்கிறேன்.

அப்புறம், அந்த நேரத்தில் வரும் ஹாலுசினேஷனுக்கு 'மாயத்தோற்றம்' என்றால் அது கண்ணுக்கு மட்டும்தானே? அறையில் யாரோ நடக்கும் ஓசை கேட்கிறவருக்கு? உடல் மிதப்பதாக உணர்கிறவருக்கு? 'மாயப்புலப்பாடு' என்று எழுதி வைத்திருக்கிறேன், மாற்றுச் சொல் இருந்தால் ஞாயிறு இரவுக்குள் சொல்லுங்கள்.

*

தம்பி, 'பொய்ப்புலன்' போதும். துயில்வளியைச் சொல்லடைவிலாவது சேருங்கள்.