மறு: ‘லோக்கல் டிம்மிங்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டில் படம் பார்க்கும் அறைக்குப் பெரிய டிவி தேர்ந்தெடுப்பது பற்றிய கையேட்டின் சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. மூன்று சொல்லில்தான் தடை. லோக்கல் டிம்மிங்குக்கு ‘வட்டார மங்கலாக்கம்’, புளூமிங்குக்கு ‘பூத்தல்’, பர்ன்-இன்னுக்கு ‘எரிதல்’ என்று வரைவில் போட்டிருக்கிறோம். மெய்ப்புப் பார்த்தவர்களுக்கு மூன்றுமே ஒட்டவில்லை. வாங்குபவர் கடையில் நின்றுகொண்டு வாய்விட்டுக் கேட்கக்கூடிய சொல்லாக வேண்டும். கருத்துச் சொல்லுங்கள்.

- - - - -

> லோக்கல் டிம்மிங்குக்கு ‘வட்டார மங்கலாக்கம்’

வணக்கம். ‘வட்டாரம்’ என்றதும் வட்டார வழக்கும் வட்டார வளர்ச்சி அலுவலகமும்தான் நினைவுக்கு வரும். ‘மங்கல்’ அதைவிடச் சிக்கல். டிவி மங்கிப்போச்சு என்றால் கெட்டுப்போச்சு என்று பொருள். ‘500 மங்கல் வட்டாரங்கள் கொண்ட டிவி’ என்று எழுதினால், 500 இடத்தில் பழுதான டிவி என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இங்கே மங்குவதோ நல்ல வேலை.

சொல்லைத் தேடுமுன் அந்த வேலை என்ன என்று பார்த்துவிடலாம். எல்சிடி திரையில் வெளிச்சம் பின்னாலிருக்கும் விளக்கிலிருந்து வருகிறது. முன்னால் இருக்கும் நீர்மப் படிகம் அதை வழிவிடும், மறிக்கும். ஆனால் முழுக்க மறிக்காது. ஐபிஎஸ் என்னும் எல்சிடி தகட்டு வகையில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு கசியும். விஏ என்னும் மற்றொரு வகையில் மூவாயிரத்தில் ஒரு பங்கு, நல்ல தகடானால் இன்னும் குறைவு. வெள்ளைக்கு 1,000 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) தரும் அளவுக்குப் பின்விளக்கு எரிந்தால், அதே நேரத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் ஐபிஎஸ் திரை 1 நிட் காட்டும், விஏ திரை மூன்றில் ஒரு நிட் காட்டும். பகலில் இது தெரியாது. விளக்கை அணைத்த அறையில் கறுப்பெல்லாம் சாம்பலாகத் தெரியும்.

அதனால் பின்விளக்கையே கட்டம் கட்டமாகப் பிரித்து, படத்தில் இருட்டு வரும் கட்டத்தில் மட்டும் வெளிச்சத்தைக் குறைக்கிறார்கள். லோக்கல் டிம்மிங் என்பது இவ்வளவுதான். இதற்கு நம்மிடம் பழகிய வினை இருக்கிறது. அரிக்கேன் விளக்கில் திரியைத் தணித்து வை என்பார்கள், தூண்டிவிடு என்பார்கள். தணித்தல் பழுதாகாது, அணைத்தலும் ஆகாது. வேண்டும் அளவுக்கு இறக்கி வைப்பது. ஆகவே என் முன்மொழிவு: பகுதித் தணிப்பு. அந்தக் கட்டம் தணிப்புப் பகுதி. ‘இந்த மாடல்ல தணிப்புப் பகுதி எத்தனை?’ என்று கடையில் கேட்க வாய் தடுக்காது.

ஒளியடக்கம் என்றும் யோசித்தேன். அடக்கம் என்றாலே நல்லடக்கம் நினைவுக்கு வருகிறது, விட்டுவிட்டேன்.

> புளூமிங்குக்கு ‘பூத்தல்’

கண்ணில் பூ விழுந்தது, தரையில் உப்புப் பூத்தது என்றெல்லாம் நமக்கு வழக்கு உண்டு. இங்கே நடப்பது வேறு. 4கே திரையில் 3,840 × 2,160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் படப்புள்ளிகள். தணிப்புப் பகுதி 500 என்றால் ஒரு பகுதிக்கு 16,500-க்கும் மேல் புள்ளிகள் வருகின்றன. கறுப்பு வானில் ஒரே ஒரு நட்சத்திரம் என்றாலும் அந்தப் பகுதியின் விளக்கு முழுக்க எரிந்தாக வேண்டும். மற்றப் புள்ளிகள் எல்லாவற்றின் வழியாகவும் வெளிச்சம் கசிந்து நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு புகைமூட்டம் நிற்கும். நிலவைச் சுற்றி வட்டம் விழுந்தால் பழைய தமிழில் ஊர்கோள் என்பார்கள். அதை இதற்கு எடுத்துக்கொள்ளலாம்.

> பர்ன்-இன்னுக்கு ‘எரிதல்’

இது குழாய் டிவி காலத்துச் சொல். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் எதுவும் எரிவதில்லை, தேய்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள கரிமச் சேர்மம் ஒளிர ஒளிரத் திறன் குறைந்துகொண்டே வரும், நீலம் மற்றவற்றைவிட வேகமாக. செய்திச் சேனலின் சின்னமும் கீழே ஓடும் செய்திப் பட்டையும் ஒரே இடத்தில் நாள் முழுக்க நின்றால் அந்த இடத்துப் புள்ளிகள் மட்டும் கூடுதலாகத் தேய்ந்து, வேறு சேனல் மாற்றினாலும் தடம் தெரியும். தேய்வடு என்று சொன்னால் காரணமும் விளைவும் ஒரே சொல்லில் வந்துவிடும். சிறிது நேரம் நின்று தானே மறைந்துவிடும் தடத்தை இதோடு சேர்க்கக்கூடாது, அது எச்சப்படம்.

வரைவில் ஓஎல்இடி டிவியின் பராமரிப்பு வேலை ஒன்றுக்கு ‘பிக்சல் புதுப்பித்தல்’ என்று இருப்பதையும் மாற்ற வேண்டும். எதுவும் புதிதாவதில்லை. எந்தப் புள்ளி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து, திரை ஒரே சீராகத் தெரியும்படி மின்னோட்டத்தைத் திருத்துகிறார்கள். ‘தேய்வு சமன்செய்தல்’ என்பதே உண்மை. நம் வாசகருக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் பல மாடல்களில் மொத்தம் 4 மணி நேரம் ஓடிய பிறகு, ரிமோட்டில் அணைத்துக் காத்திருப்பு நிலைக்குப் போனதும்தான் இந்த வேலை நடக்கும், சில நிமிடம் பிடிக்கும். நம் வீடுகளில் படுக்கப் போகுமுன் சுவர் சுவிட்சையே அணைத்துவிடுகிற பழக்கம் உண்டு. அப்படிச் செய்தால் சமன்செய்யும் வேலை ஒருநாளும் நடக்காது, வடு சீக்கிரமே விழும். ரிமோட்டில் அணைத்து அரை மணி நேரம் விட்டுப் பிறகு சுவிட்சை அணைக்கலாம் என்று கையேட்டில் கட்டம் கட்டிப் போடுங்கள்.

இன்னொன்று, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல். நம் பட்டியல் எல்இடி, கியூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி, கியூடி-ஓஎல்இடி என்று விற்பனைப் பெயர்களையே தலைப்புகளாக வைத்திருக்கிறது. எல்லாவற்றிலும் எல்இடி இருக்கிறது, படிப்பவருக்கு வேறுபாடு விளங்காது. ‘எல்இடி டிவி’ என்று விற்பது எல்சிடி திரைதான், பின்விளக்கு மட்டும் எல்இடி. கியூஎல்இடியும் எல்சிடிதான், பின்விளக்குக்கு முன்னால் குவாண்டம் புள்ளி (ஒளியின் நிறத்தை மாற்றும் நுண்துகள்) பூசிய தாள் ஒன்று கூடுதல். ஆனால் அதே குவாண்டம் புள்ளி 2022-இல் வந்த கியூடி-ஓஎல்இடியிலும் உண்டு. ஆகக் குவாண்டம் புள்ளியை வைத்தும் பிரிக்க முடியாது.

வெளிச்சம் எங்கே பிறக்கிறது என்பதை வைத்துப் பிரித்தால் எல்லாம் தெளியும். பின்னாலிருந்து வந்தால் பின்னொளித் திரை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்தால் தன்னொளித் திரை. வேறிடத்திலிருந்து வந்து விழுந்தால் எறியொளித் திரை, அதாவது புரொஜெக்டர். மினி எல்இடி என்பது பின்விளக்கை மிகச் சிறிய விளக்குகளாக நறுக்கித் தணிப்புப் பகுதிகளைக் கூட்டிய பின்னொளி. மைக்ரோ எல்இடி என்று பெயர் கிட்டத்தட்ட அதேபோல் இருந்தாலும் அது தன்னொளி. 1987-இல் கோடாக் ஆய்வகத்தில் டாங், வான் ஸ்லைக் இருவரும் காட்டிய கரிம டையோடு வழியில் வந்தது ஓஎல்இடி, அது கரிமத் தன்னொளி. நிறுத்தப்பட்டுவிட்ட பிளாஸ்மாவும் தன்னொளிதான். பத்து ஆண்டு கழித்து வேறொரு பெயரில் திரை வந்தாலும் இந்த மூன்றில் ஒன்றில் அடங்கும்.

- - - - -

பகுதித் தணிப்பு அருமை, தேய்வடுவும் அப்படியே. ஊர்கோளுக்கு என் மறுப்பு. படிப்பவர் கோள் என்றதும் கிரகம் என்று நினைப்பார், ஊர் எதற்கு என்று கேட்பார். கிராமத்தில் இன்றும் ‘நிலா கோட்டை கட்டியிருக்கு, மழை வரும்’ என்றுதான் பேச்சு. அது உயிரோடு இருக்கும் வழக்கு. ‘சப்டைட்டில் எழுத்தைச் சுற்றி வெளிச்சம் கோட்டை கட்டுகிறது’ என்று எழுதிப் பாருங்கள், விளக்கமே வேண்டாம். பெயர்ச்சொல் தேவைப்படும் இடத்தில் ஒளிக்கோட்டை. வட்டம் என்று சொல்லாததும் நல்லது, இது தணிப்புப் பகுதியின் வடிவத்தில்தான் விழும். விலை குறைந்த மாடல்களில் விளக்கு ஓரத்தில் மட்டும் இருக்கும். அதில் பகுதித் தணிப்பு இருந்தாலும் பட்டை பட்டையாகத்தான் வேலை செய்யும். கீழே ஒரு வரி எழுத்து வந்தால் மேலே வரை ஒரு வெளிறிய தூண் எழும். அதை வட்டம் என்றால் பொய்.

எறியொளி பற்றி. வரைவில் ‘வீட்டுக்குள் திரையரங்கு’ என்று ஒரே பத்தியில் முடித்திருக்கிறீர்கள். போதாது. எறியொளித் திரையின் கறுப்பு அந்த அறையின் இருட்டைவிடக் கறுப்பாக முடியாது. கணக்கைப் போட்டே காட்டலாம். 100 இன்ச் திரை 221 செ.மீ. அகலம், 124.5 செ.மீ. உயரம், பரப்பு ஏறத்தாழ 2.75 சதுர மீட்டர். கருவி தரும் மொத்த ஒளி 2,500 லூமன் என்றால் சதுர மீட்டருக்கு 900 லூமன் சொச்சம், அதாவது 900 லக்ஸ் சொச்சம். சாதாரண வெள்ளைத் திரையில் அது 290 நிட் ஆகும். அறை வெளிச்சத்தைத் தாங்குவதற்கென்று வரும் சாம்பல் நிறத் திரை, வெள்ளைத் திரை தருவதில் 0.6 பங்கே திருப்பித் தரும் என்றால் 170 சொச்சம் நிட்தான். கருவியின் மேல் எழுதிய லூமன் எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர் ஏமாறும் இடம் இதுதான்.

அந்தச் சாம்பல் திரைக்கு சுற்றொளி விலக்கித் திரை என்று போடலாமா? சுவரை ஒட்டி வைக்கும் கருவிக்கான திரையில் படுக்கை வாட்டில் ரம்பப்பல் போன்ற வரிகள் இருக்கும். பல்லின் கீழ்ச்சரிவு கருவியின் ஒளியைப் பார்வையாளரிடம் அனுப்பும், மேல்சரிவு கூரை விளக்கின் ஒளியை விழுங்கும். தலைகீழாக மாட்டினால் படமே இருண்டுவிடும். பின்சுவரில் இருந்து எறியும் கருவிக்கு இதே திரையை வாங்கினாலும் அதே கதிதான். கருவியைச் சில மில்லிமீட்டர் நகர்த்தினாலே மூலைகள் கோணலாகும் என்பதால், சுருட்டித் தொங்கவிடும் திரை இதற்கு ஆகாது. மின்விசிறிக் காற்றில் அது லேசாக அசைந்தாலே நேர்கோடு நெளியும். நாற்புறமும் இழுத்துக் கட்டிய சட்டத் திரைதான் வேண்டும்.

அப்புறம் ‘பார்வைக் கோணம்’ பட்டியலில் இரண்டு தடவை, இரண்டு பொருளில் வருகிறது. கண்ணில் திரை அடைக்கும் கோணம் ஒன்று. நேரே உட்காராமல் விலகிப் பார்த்தால் நிறம் வெளிறும் கோணம் மற்றொன்று. முதலாவதைத் திரைக்கோணம் என்றும் இரண்டாவதைப் பக்கப்பார்வை என்றும் பிரிக்கலாம்.

- - - - -

ஒளிக்கோட்டையை ஏற்கிறேன். ஊர்கோளை எடுத்துவிடுங்கள். சுற்றொளி விலக்கித் திரையும் சரி.

திரைக்கோணம் மிகவும் தேவையான சொல், ஏனென்றால் அளவைத் தேர்ந்தெடுப்பதே அதை வைத்துத்தான். சோபாவிலிருந்து திரைக்கு 10 அடி என்றால் 30 பாகை திரைக்கோணத்துக்கு 75 இன்ச் வேண்டும், 40 பாகைக்கு 100 இன்ச். செய்தியும் சீரியலும் பார்க்கும் கூடத்துக்கு 30-க்குக் கீழே இருந்தாலும் குறையில்லை. படம் பார்க்கவே ஒதுக்கிய அறைக்கு 30-க்கும் 40-க்கும் இடையில் வைக்கலாம். 65 இன்ச் திரையில் 4கே புள்ளி ஒன்றின் அகலம் 0.37 மி.மீ.; கூர்மையான கண்ணுக்குக்கூட அது தனித்துத் தெரிய ஏறத்தாழ 1.3 மீட்டர் நெருங்க வேண்டும். 10 அடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, இன்னும் கூடுதல் புள்ளிகள் கொண்ட 8கே தேடுவதில் பயன் இல்லை. அந்தப் பணத்தைத் தணிப்புப் பகுதிக்கோ அளவுக்கோ கொடுக்கலாம்.

‘பக்கப்பார்வை’ மட்டும் போதாது. நம் வீடுகளில் டிவியை ஷோகேஸுக்கு மேலே, நின்றால் கண்ணுக்கு வரும் உயரத்தில் மாட்டுகிறார்கள். அப்போது விலகல் பக்கவாட்டில் இல்லை, கீழிருந்து மேலாக. விஏ தகடு அந்தத் திசையிலும் கறுப்பை இழக்கும், ஒளிக்கோட்டையும் கூடுதலாகத் தெரியும். சாய்பார்வை என்றால் இரண்டு திசைக்கும் பொருந்தும். உட்கார்ந்தவர் கண் தரையிலிருந்து 100 முதல் 110 செ.மீ. உயரத்தில் இருக்கும். திரையின் நடுப்பகுதி அங்கே வர வேண்டும். 75 இன்ச் திரையின் உயரம் 93 செ.மீ., ஆகவே கீழ் விளிம்பு தரையிலிருந்து 53 முதல் 63 செ.மீ. அளவில் நிற்கும். பார்க்கத் தாழ்வாகத்தான் தோன்றும், மாட்ட வருபவர் உயர்த்தச் சொல்வார். சம்மதிக்கக்கூடாது. ஹாலோ பிளாக் சுவரானால் சாதாரண பிளக்கும் திருகும் பிடிக்காது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

தேர்வுப் பகுதியை இந்தச் சொற்களை வைத்தே எழுதிப் பார்த்தேன், ஓடுகிறதா என்று பாருங்கள்:

‘பகலில் திரைச்சீலை திறந்திருக்கும் கூடம், நாள் முழுக்கச் செய்திச் சேனல் என்றால் பின்னொளித் திரை வாங்குங்கள். திரை முழுக்க வெள்ளையாக வரும் காட்சியில் கரிமத் தன்னொளி மின்சுமையைக் குறைக்கத் தானே வெளிச்சத்தை இறக்கிக்கொள்ளும். செய்திப் பட்டையால் தேய்வடுவும் விழும். இருட்டாக்கக்கூடிய அறை, இரவில் படம், விதவிதமான காட்சிகள் என்றால் தன்னொளி. அதில் ஒவ்வொரு புள்ளியும் தனியே அணையும் என்பதால் ஒளிக்கோட்டைக்கு இடமே இல்லை, சாய்பார்வையிலும் நிறம் அவ்வளவாக மாறாது. 100 இன்ச்சுக்கு மேல் போக வேண்டும், அறையையும் முழுக்க இருட்டாக்க முடியும் என்றால் எறியொளியை எண்ணலாம்.

கடைக்குப் போகும்போது கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளைப் புள்ளி மெல்ல நகரும் வீடியோ, கறுப்பில் வெள்ளை எழுத்து வரும் வீடியோ, முழுச் சாம்பல் படம் ஒன்று, இந்த மூன்றையும் பென் டிரைவில் கொண்டுபோங்கள். காட்சிக்கு வைத்த டிவி கண்ணைப் பறிக்கும் அமைப்பில் ஓடும், முதலில் அதைச் சினிமா அமைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். புள்ளி நகரும்போது வெளிச்சம் கூடவே குதித்துக் குதித்து வந்தால் தணிப்புப் பகுதிகள் குறைவு. எழுத்தைச் சுற்றி வெளிச்சம் கோட்டை கட்டுகிறதா என்று நேரே நின்றும், பக்கவாட்டில் இரண்டடி தள்ளி நின்றும் பாருங்கள். சாம்பல் படத்தில் திட்டுத் திட்டாக நிழல் தெரிந்தால், கிரிக்கெட்டில் கேமரா பந்தைத் துரத்தும்போது பச்சைத் தரையில் அதே திட்டு நகராமல் நிற்கும்.’

அந்தத் திட்டுக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘அழுக்குத் திரை’ என்று போட்டால் துணியால் துடைக்கக் கிளம்பிவிடுவார்கள். தன்னொளித் திரையைத் துடைக்கும்போது அழுத்தினால் தகடே கெடும். திட்டுநிழல் என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். வெள்ளாவி வைத்த வேட்டியில் நீலம் சரியாகக் கரையாமல் திட்டாக நிற்பதற்குச் சலவைத் தொழிலில் தனிச் சொல் இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.