எலக்ட்ரானிக் ட்ரிகருக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

தாம்பரம்_அப்பா: மகளுக்கு 13 வயது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் 600க்கு 540 பக்கம் சுடுகிறாள். சொந்தமாக ஸ்டெயர் கம்பெனியின் எவோ 10 பிஸ்டல் வாங்கப் போகிறோம். சாதா மாடலா, எலக்ட்ரானிக் ட்ரிகர் வைத்த 'இ' மாடலா? விலை வித்தியாசம் என் ஒரு மாதச் சம்பளம். "எலக்ட்ரானிக் இல்லாவிட்டால் மெடலை மறந்துவிடுங்கள்" என்று ரேஞ்சில் ஒருவர் சொன்னதிலிருந்து தூக்கம் வரவில்லை.

ரேஞ்ச்_தாத்தா: சொன்னவர் டோக்கியோ ஒலிம்பிக்ஸை மறந்துவிட்டார் போல. 2021 ஜூலை 25. மனு பாக்கர் 16 ஷாட் சுட்டதும் பிஸ்டல் படுத்துவிட்டது. மொத்தம் 575, 12ஆம் இடம். ஃபைனலுக்கு 577 போதும். இரண்டே பாயிண்ட்! எல்லாம் எலக்ட்ரானிக் ட்ரிகரின் சர்க்யூட் செய்த வேலை.

பத்துக்குப்பத்து: உடைந்தது காக்கிங் லீவர், அதாவது குண்டு போடத் திறந்து மூடும் பிடி. சாதா மாடலிலும் லீவர் உண்டு.

ரேஞ்ச்_தாத்தா: லீவர் கதை பிறகு வந்தது. முதலில் வந்த செய்தி எலக்ட்ரானிக் ட்ரிகர் கோளாறு என்றுதான்.

பத்துக்குப்பத்து: முதலில் வந்தால் உண்மையா? கோச்சே லீவர் என்றார். தவிர, மனுவுடையது மோரினி கம்பெனி பிஸ்டல், இவர் கேட்பது ஸ்டெயர். அதே மனு 2024இல் பாரிஸில் 10 மீட்டரில் வெண்கலம் வாங்கியதும் எலக்ட்ரானிக்கில்தான்.

ரேஞ்ச்_தாத்தா: பாரிஸை இழுக்காதீர்கள். டோக்கியோவில் சர்க்யூட்டைக் கழற்றினார்களா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

சேலம்_சுடர்: அண்ணா, எந்த மாடலானாலும் போட்டியில் ட்ரிகர் எடை, அதாவது அதை இழுக்கத் தேவைப்படும் எடை, 500 கிராமுக்குக் குறையக் கூடாது. இரண்டிலும் அதே எடைக்கல்லைத் தொங்கவிட்டுத்தான் பார்ப்பார்கள். 540 சுடும் பிள்ளைக்கு முதலில் கிரிப்பைப் பாருங்கள். என் மகனுக்குக் கட்டைவிரல் அடியில் மரத்தை உப்புத்தாளால் தேய்த்து, உள்ளங்கைக் குழியில் கொஞ்சம் மரப்பட்டி (வுட் புட்டி) அப்பினேன். காய்ந்ததும் பிடித்துப் பார்த்து மறுபடி தேய்த்தேன். இப்படி நான்கு ஞாயிறு. இடப்பக்கம் ஓடிய ஷாட்டெல்லாம் உள்ளே வந்தது.

ரேஞ்ச்_தாத்தா: மரப்பட்டியில் மெடல் வாங்கும் காலம் வந்துவிட்டது! நான் ரேஞ்சுக்குப் போய் 31 வருடம் ஆகிறது அம்மா.

சேலம்_சுடர்: 31 வருடத்தில் பிஸ்டலின் காற்றுச் சிலிண்டரில் தேதி படிக்கக் கற்கவில்லையே சார். போன வருடம் எனக்கு விற்றீர்களே, பத்து வருடம் தாண்டிய சிலிண்டர். போட்டிச் சோதனை மேசையில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள்.

ரேஞ்ச்_தாத்தா: தேதியைப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும். விலை குறைவு என்றதும் ஓடி வந்தது யார்?

பத்துக்குப்பத்து: அப்படியானால் லீவரையும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள் தாத்தா.

ரேஞ்ச்_தாத்தா: லீவர் இல்லை. சர்க்யூட். இன்னும் நூறு தடவை சொல்வேன். பேட்டரி போட்ட எதையும் நம்பாதே என்பது என் பாலிசி.

பத்துக்குப்பத்து: இதை எதில் டைப் செய்கிறீர்கள், பனை ஓலையிலா?

தாம்பரம்_அப்பா: சார், கடைக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார். எந்த மாடல் என்று யாராவது…

ரேஞ்ச்_தாத்தா: இருங்கள் தம்பி, இந்த லீவர் விஷயம் முடியட்டும். பத்து, அந்தக் கோச் சொன்னதை முழுசாகப் படித்தீர்களா?