லாஸ் வேகஸின் பழைய மலிவு எங்கே போயிற்று?

நெடுவழி கேட்கிறார்:

லாஸ் வேகஸைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும், அந்நகரத்தை 1960களிலும் 1970களிலும் பார்த்தவர்கள் ஒரே குறையைச் சொல்கிறார்கள். அன்று அறை வாடகை மிகக் குறைவு. வயிறு நிறையச் சாப்பிடும் பஃபே விருந்து ஓரிரு டாலருக்குக் கிடைத்தது. புகழின் உச்சியில் இருந்த பாடகர்களின் நிகழ்ச்சியை இரவுச் சாப்பாட்டுச் செலவிலேயே பார்த்துவிடலாம். இன்றோ அறை வாடகைக்கு மேல் ‘ரிசார்ட் கட்டணம்’ என்று தனியாக வசூலிக்கிறார்கள். பல விடுதிகளில் காரை நிறுத்தவும் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. குற்றக் கும்பல்கள் நடத்தியபோது நகரம் நன்றாக இருந்தது, பெருநிறுவனங்கள் வந்து கெடுத்துவிட்டன என்பதே இதற்குப் பலரும் தரும் விளக்கம்.

இதை என்னால் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கொள்ளையடிப்பதற்காகவே வந்தவர்கள் விருந்தினரிடம் மட்டும் தாராளமாக நடந்துகொண்டார்கள் என்றால் அதற்கு ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு என்ன, அது எந்த ஆண்டுகளில் மாறியது என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பேரேடு எழுதுகிறார்:

நெடுவழி அவர்களுக்கு வணக்கம். உங்கள் ஐயம் சரியானது என்றே நான் கருதுகிறேன். அந்த மலிவுக்கு அடிப்படை கும்பல்களின் நல்ல மனம் அன்று. நெவாடா மாநிலத்துக்கு இருந்த ஏகபோகம்.

1931இல் நெவாடா சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டில் ஹூவர் அணையின் கட்டுமானம் தொடங்கியது. அணைத் தொழிலாளருக்காக அரசு அமைத்த போல்டர் சிட்டியில் சூதாட்டத்துக்கும் மதுவுக்கும் தடை இருந்ததால், அவர்களுடைய சம்பளப் பணம் லாஸ் வேகஸின் ஃப்ரீமான்ட் தெருவுக்கு வந்து சேர்ந்தது. 1941இல் எல் ராஞ்சோ வேகஸ், 1946 டிசம்பரில் ஃப்ளமிங்கோ என்று, நகர எல்லைக்கு வெளியே லாஸ் ஏஞ்சலிஸ் நெடுஞ்சாலையை ஒட்டி விடுதிகள் எழுந்தன. அந்தச் சாலைதான் பின்னர் ‘ஸ்ட்ரிப்’ ஆயிற்று. ஸ்ட்ரிப்பின் பெரும்பகுதி இன்றும் லாஸ் வேகஸ் நகராட்சிக்குள் இல்லை, கிளார்க் கவுண்டி என்ற மாவட்டத்தின் நேரடி நிர்வாகத்தில்தான் இருக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

1931 முதல் 1978 வரை, அமெரிக்காவில் சட்டத்துக்கு உட்பட்டுக் கேசினோவில் ஆட வேண்டுமென்றால் நெவாடாவுக்குத்தான் வந்தாக வேண்டும். வந்தவர் ஆடுவார் என்பது உறுதி; ஆடுபவர்கள் மொத்தத்தில் தோற்பார்கள் என்பது அதைவிட உறுதி. ஆகவே அறை, சாப்பாடு, பாட்டு ஆகிய மூன்றும் ஆளை மேசைக்கு அழைத்து வருவதற்கான செலவாகவே கருதப்பட்டன; அவற்றில் வந்த நட்டத்தைச் சூதாட்ட வருவாய் தாங்கிக்கொண்டது. ஆடாமல் சாப்பிட்டுவிட்டு மட்டும் போனவர் உண்மையிலேயே லாபம் அடைந்தார். பக்கத்து மேசையில் தோற்றவர்தான் அவருடைய சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தார்.

கும்பல்கள் இந்த ஏற்பாட்டை உருவாக்கவில்லை. அதன் மேல் அமர்ந்துகொண்டு, வரிக்கணக்குக்கு வருமுன்பே எண்ணும் அறையிலிருந்து பணத்தை எடுத்தார்கள். 1957இல் நியூயார்க்கில் குற்றக் கும்பல் தலைவர் ஃபிராங்க் காஸ்டெல்லோ சுடப்பட்டபோது அவருடைய சட்டைப்பையில் ஒரு துண்டுச்சீட்டு கிடைத்தது. அதில் எழுதியிருந்த 651,284 டாலர் என்ற தொகை, லாஸ் வேகஸில் புதிதாகத் திறக்கப்பட்டிருந்த டிராபிகானா விடுதியின் சூதாட்ட வருவாயோடு பொருந்தியது. உரிமப் பத்திரத்தில் அவருடைய பெயர் எங்கும் இல்லை.

பெருநிறுவனங்களின் வரவு 1967, 1969 ஆகிய ஆண்டுகளின் சட்டத் திருத்தங்களோடு தொடங்கியது. அதற்கு முன் பங்குதாரர் ஒவ்வொருவரும் உரிமம் பெற வேண்டியிருந்ததால், ஆயிரக்கணக்கான பங்குதாரர்களைக் கொண்ட நிறுவனம் கேசினோ நடத்துவது நடைமுறையில் இயலாததாக இருந்தது. 1966இன் இறுதியில் டெசர்ட் இன் விடுதியில் தங்க வந்த பெருஞ்செல்வர் ஹோவர்ட் ஹியூஸ் அடுத்தடுத்து விடுதிகளை வாங்கிக் குவித்ததும், சில ஆண்டுகளில் ஹில்டன் நிறுவனம் உள்ளே வந்ததும் இந்தக் காலத்தில்தான்.

ஆனால், நிறுவனங்கள் வந்தவுடன் மலிவு போய்விடவில்லை. குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்காகவே நடத்தப்பட்ட சர்க்கஸ் சர்க்கஸ், 1983இல் பங்குச் சந்தைக்குச் சென்ற நிறுவனம். மலிவான அறை, மலிவான பஃபே என்ற முறையை மிகப் பெரிய அளவில் நடத்தி லாபம் கண்டது அந்நிறுவனம்தான். 1990இல் எக்ஸ்காலிபரையும் 1993இல் லக்சரையும் கட்டியதும் அதுவே. நிறுவனம் என்பதே மலிவுக்குப் பகை என்ற விளக்கம் இந்த இடத்தில் உடைந்துவிடுகிறது.

உடைந்தது ஏகபோகம். 1978இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டியில் முதல் கேசினோ திறக்கப்பட்டது. 1988ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் பழங்குடி நிலங்களில் கேசினோ நடத்துவதற்கான வழிமுறையை வகுத்தது. 1991இல் அயோவாவில் ஆற்றுப்படகுக் கேசினோக்கள் வந்தன. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஸ்லாட் இயந்திரம் இருக்கும்போது, அதற்காக யாரும் விமானம் ஏறிப் பாலைவனத்துக்கு வரமாட்டார்கள். வீட்டருகே கிடைக்காத எதையாவது விற்றால்தான் நகரம் பிழைக்கும் என்ற நிலை வந்தது.

1989 நவம்பரில் கேசினோ தொழிலதிபர் ஸ்டீவ் வின் திறந்த மிராஜ் அதற்கான விடை. சுமார் 63 கோடி டாலர் செலவில், வாசலில் செயற்கை எரிமலையோடு எழுந்த அந்த விடுதியின் அறைகளும் உணவகங்களும் நிகழ்ச்சிகளும் தத்தம் வருவாயைத் தாமே ஈட்ட வேண்டியவையாக இருந்தன. 1992இல் சீசர்ஸ் பேலஸை ஒட்டிய ஃபோரம் அங்காடிகளில் புகழ்பெற்ற சமையற்கலைஞர் வுல்ஃப்காங் பக் உயர்தர உணவகத்தைத் திறந்து வெற்றி கண்டதும், சாப்பாட்டிலேயே லாபம் உண்டு என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. 1998இல் பெலாஜியோ, 1999இல் வெனீஷியன் என்று அடுத்து வந்தவை அந்த வழியில்தான் சென்றன. ஏறக்குறைய அந்த ஆண்டுகளில் ஸ்ட்ரிப் விடுதிகளின் மொத்த வருவாயில் சூதாட்டத்தின் பங்கு பாதிக்குக் கீழே இறங்கியது. அதன் பிறகு பாதிக்கு மேலே ஏறவே இல்லை.

வடவேங்கடம் எழுதுகிறார்:

பேரேடு ஐயாவின் விளக்கத்தோடு உடன்படுகிறேன். ஆனால் ‘அந்தக் காலம் நன்றாக இருந்தது’ என்ற சொல்லை விசாரிக்காமல் விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். யாருக்கு நன்றாக இருந்தது?

1950களில் நாட் கிங் கோலும் சாமி டேவிஸ் ஜூனியரும் ஸ்ட்ரிப் மேடைகளில் பாடினார்கள். அவர்களுடைய பெயரை வாசலில் விளக்கெழுத்தில் போட்டுக் கூட்டம் சேர்த்த விடுதிகள் பல, கறுப்பினத்தவர் என்பதால் அவர்களையே தங்கவோ உள்ளே உட்கார்ந்து சாப்பிடவோ விடவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் இருப்புப் பாதைக்கு அப்பால் உள்ள வெஸ்ட்சைடு பகுதியில் அறை தேடிப் போக வேண்டியிருந்தது. எல்லா இனத்தவரையும் ஏற்றுக்கொண்ட மூலான் ரூஜ் விடுதி 1955 மே மாதம் திறக்கப்பட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் மூடப்பட்டது. மறியல் அணிவகுப்பு நடக்கும் என்ற எச்சரிக்கைக்குப் பிறகு, 1960 மார்ச்சில் அதே கட்டடத்தில் நடந்த பேச்சில்தான் ஸ்ட்ரிப் விடுதிகள் தங்கள் கதவுகளைத் திறக்க இணங்கின. வேலை வாய்ப்பில் நிலவிய பாகுபாட்டைக் களைய 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்பாடு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓரிரு டாலர் பஃபேயை நினைத்து ஏங்குகிறவர்கள், அந்த வரிசையில் நிற்கவே அனுமதிக்கப்படாதவர்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பணியாளர் நிலையும் பார்க்கத் தக்கது. அறைகளைச் சுத்தம் செய்பவர், சமையலறையில் நிற்பவர், பரிமாறுபவர் ஆகியோரைக் கொண்ட கலினரி தொழிற்சங்கம், சுமார் 60,000 உறுப்பினர்களோடு இன்று நெவாடாவிலேயே வலிமை மிக்க அமைப்புகளில் ஒன்றாக இருக்கிறது. ஃபிரான்டியர் விடுதியில் 1991 செப்டம்பரில் வேலைநிறுத்தம் செய்து வெளியேறிய சுமார் 550 பேர், 1998இன் தொடக்கத்தில் விடுதி கைமாறும் வரை ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக வாசலிலேயே நின்றார்கள். ஒருவர்கூட மறியலை மீறி வேலைக்குத் திரும்பவில்லை. அந்த வலிமையால் கிடைத்த கூலியும் மருத்துவக் காப்பீடும் அறை வாடகையின் ஒரு பகுதியாக இருக்குமானால், அந்தப் பகுதியைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நெடுவழி எழுதுகிறார்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வடவேங்கடம் எழுதியது என் கேள்வியையே திருத்திவிட்டது. ஆனாலும் ஒன்று எஞ்சி நிற்கிறது. சாப்பாட்டுக்கும் அறைக்கும் முழு விலை வாங்கத் தொடங்கிய பிறகு, சூதாட்டத்தையாவது தாராளமாக நடத்தலாம் அல்லவா? இப்போது அதுவும் முன்பைவிட மோசமாகிவிட்டது என்று ஆடுபவர்கள் சொல்கிறார்களே, அது உண்மையா?

பேரேடு எழுதுகிறார்:

உண்மைதான், அதை எண்களாலேயே காட்டலாம். பிளாக்ஜாக் ஆட்டத்தில் முதல் இரண்டு சீட்டிலேயே கூட்டுத்தொகை 21 வந்தால், பழைய விதிப்படி 10 டாலர் பந்தயத்துக்கு 15 டாலர் கிடைக்கும். இன்று ஸ்ட்ரிப்பின் குறைந்த பந்தய மேசைகள் பலவற்றில் 12 டாலர்தான் தருகிறார்கள். இந்த ஒரு மாற்றமே பந்தயப் பணத்தில் சராசரியாக விடுதிக்குச் சேரும் பங்கான ‘விடுதியின் சாதகத்தை’ச் சுமார் 1.4 சதவீதப் புள்ளிகள் உயர்த்திவிடுகிறது; மற்ற விதிகள் நன்றாக இருக்கும் மேசையில் விடுதியின் சாதகம் முழுவதுமே அரை சதவீத அளவுதான் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரியது என்று விளங்கும். எண் சக்கரத்தைச் சுழற்றி ஆடும் ரூலெட்டிலும், விடுதிக்குச் சாதகமான இரண்டு பூஜ்யங்களோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்த சக்கரங்கள் வந்துவிட்டன, அதனால் 5.26 சதவீதமாக இருந்த சாதகம் 7.69 சதவீதமாகிறது.

இதற்கு முக்கியமான காரணமாக நான் கருதுவது, நிலமும் கட்டடமும் நடத்துபவரின் கையை விட்டுப் போனதை. பெலாஜியோவின் கட்டடம் 2019இல் சுமார் 425 கோடி டாலருக்குப் பிளாக்ஸ்டோன் நிதியத்துக்கு விற்கப்பட்டு, தொடக்கத்தில் ஆண்டுக்கு 24.5 கோடி டாலர் வாடகைக்குத் திரும்ப எடுத்து நடத்தப்படுகிறது. சீசர்ஸ் பேலஸ், எம்ஜிஎம் கிராண்ட், வெனீஷியன் ஆகிய மூன்றுக்கும் விசி என்ற ஒரே சொத்து நிறுவனம்தான் உரிமையாளர். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் வாடகை கட்டியாக வேண்டிய நிர்வாகி, எந்தத் துறையையும் நட்டத்தில் விட்டுவைக்க முடியாது. ரிசார்ட் கட்டணத்தையும் சேர்த்து முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற கூட்டாட்சி விதி 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது; கட்டணத்தை அது தடை செய்யவில்லை. அதே ஆண்டில் நகரத்துக்கு வந்தவர் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடக் குறைந்தபோது, விலை உயர்வும் ஒரு காரணமாகப் பரவலாகப் பேசப்பட்டது.

பழைய கணக்கு முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்ட்ரிப்பைவிட்டு விலகி, அங்கேயே குடியிருப்பவர்களை நம்பி நடக்கும் கேசினோக்கள் இருக்கின்றன. 1979இல் போல்டர் நெடுஞ்சாலையில் திறக்கப்பட்ட சாம்ஸ் டவுன் அவற்றில் ஒன்று. அங்கே வருபவர் அடுத்த வாரமும் வர வேண்டும் என்பதாலும், வருவாயின் பெரும்பகுதி இன்னும் சூதாட்டத்திலிருந்தே வருவதாலும், கார் நிறுத்தக் கட்டணம் வாங்குவதில்லை. சாப்பாட்டு விலையும் ஸ்ட்ரிப்பைவிடக் குறைவு. ஃப்ரீமான்ட் தெருவில் 1941 முதல் இயங்கும் எல் கோர்ட்டெஸ் விடுதியில், ஒற்றைக் கட்டுச் சீட்டில் ஆடும் பிளாக்ஜாக்குக்குப் பழைய விதிப்படியே பணம் தருவதாக ஆடுபவர்களிடையே நல்ல பெயர் உண்டு. நீங்கள் போவதாக இருந்தால், மேசையில் உட்காருமுன் அதன் மேல் அச்சிட்டிருக்கும் விகிதத்தைப் படித்துப் பாருங்கள்: இரண்டுக்கு மூன்று (3 to 2) என்றிருந்தால் பழைய விதி, ஐந்துக்கு ஆறு (6 to 5) என்றிருந்தால் புதியது.