தெரு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கு? தருமபுரி, கிருஷ்ணகிரி புறநகரில் வீடு வாங்கும் முன்

கேட்டவர்

தருமபுரியில் பாரதிபுரம், இலக்கியம்பட்டி, வெண்ணாம்பட்டி பக்கம் அல்லது கிருஷ்ணகிரியில் கட்டிகானப்பள்ளி, ராயக்கோட்டை ரோடு பக்கம் கட்டின வீடாகப் பார்க்கிறோம். சந்தடி இல்லாத தெருவாக இருக்கணும் என்பதுதான் வீட்டில் வைத்த ஒரே நிபந்தனை. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்க. சொந்தக் கதை வேண்டாம். எதைப் பார்க்கணும், எவ்வளவு இருக்கணும், எங்கே தப்பு நடக்குது, அது போதும்.

பத்திரம் எழுதுபவர், தருமபுரி

பத்து மனையில் மூணு வீடுதான் எழும்பியிருக்கு என்றால், மீதி ஏழு ஏன் காலி என்பதுதான் முதல் கேள்வி. பெங்களூரில் வேலை பார்க்கிறவங்க வாங்கிப் போட்டது என்றால் கவலை இல்லை. பிளான் கிடைக்காமல் காலியாக் கிடக்கு என்றால் உங்க வீட்டுக்கும் அதே சிக்கல் இருக்கும்.

2016 அக்டோபர் 20-க்குப் பிறகு, அங்கீகாரம் இல்லாத மனையைப் புதுசாகப் பதிவு செய்ய முடியாது. அதுக்கு முன்பே மனையாகப் பதிவானதற்கு விலக்கு உண்டு. ஆனால் கட்டட அனுமதிக்கும் வங்கிக் கடனுக்கும் போனால் 2017 விதிப்படி வரன்முறைப்படுத்திய ஆணையைக் கேட்பார்கள். வீடு எழும்பி நிற்குது, வரி ரசீது இருக்கு, கரண்ட் பில் வருது என்று விற்பவர் மூணையும் எடுத்து நீட்டுவார். அந்த மூணில் ஒண்ணுகூட உரிமைப் பத்திரம் கிடையாது.

லேஅவுட் வரைபடத்தை வாங்கி, ரோடும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் ஆகியிருக்கா என்று கேளுங்க. ஆவண எண்ணைக் கேளுங்க, "ஆயிடுச்சு" என்ற பதிலை வாங்கிக்கிட்டு வராதீங்க. தானம் ஆகாத ரோட்டுக்குத் தெருவிளக்கும் வராது, தார் ரோடும் வராது. பூங்காவுக்கு விட்ட இடத்தையே மனையாகக் கூறு போட்டு விற்றதும் உண்டு. வரைபடத்தில் உங்க மனை எண் இருக்கா என்று விரல் வைத்துப் பாருங்க.

வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்குக் குறையாமல் போடுங்க. பழைய கடனுக்கு வங்கியில் பத்திரம் வைத்த பதிவு அதில் இருந்தால், அதைத் தீர்த்த ரசீதுப் பதிவும் கீழே வந்திருக்கணும். பதியாத உயில், வாய்வழிப் பாகப்பிரிவினை, ஓடிக்கிட்டிருக்கிற வழக்கு இதெல்லாம் வில்லங்கத்தில் தெரியாது. சிக்கல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். குறிப்பாக அப்பா பேரில் இருந்த சொத்தை அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்கும் பத்திரம். வாரிசுச் சான்றில் இருக்கிற அக்கா, தங்கச்சி எல்லாரும் விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்திருக்கணும், இல்லாவிட்டால் கிரயத்திலேயே சேர்ந்து கையெழுத்துப் போடணும். "அவங்களுக்குச் சீர் செஞ்சாச்சு" என்ற பேச்சு கோர்ட்டில் நிற்காது.

கிராம நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்), ஓடைப் புறம்போக்கு, பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கினது) இதெல்லாம் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டைப் புரட்டினால் தெரிஞ்சிடும். பஞ்சமி நிலத்தைப் பட்டியல் சாதியைச் சேராதவர் வாங்கினால் அந்தக் கிரயம் செல்லாது. நடுவில் எத்தனை கை மாறியிருந்தாலும் அப்படித்தான்.

நில அளவை தெரிந்தவர்

பத்திரத்தில் சதுர அடி, பட்டாவில் ஹெக்டேர்-ஏர். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை, ஏமாற்றுக்கு அந்தச் சோம்பல் போதும். பட்டாவில் 0.01.25 என்று இருந்தால் 1.25 ஏர், அதாவது 125 சதுர மீட்டர். 10.764-ஆல் பெருக்கினால் சுமார் 1,345 சதுர அடி. பத்திரம் 30-க்கு 50, அதாவது 1,500 சதுர அடி என்று சொல்லும். அதற்குப் பட்டாவில் 0.01.39 வந்திருக்கணும். மீதி 155 சதுர அடி ரோட்டில் போயிருக்கும், இல்லையென்றால் பக்கத்துக்காரர் காம்பவுண்டுக்குள் இருக்கும். விலையைச் சதுர அடி கணக்கில் பேசுகிறீர்கள் என்றால் அந்த 155-க்கும் நீங்கதான் பணம் கட்டுகிறீர்கள்.

போகும்போது 100 அடி டேப் ஒண்ணு எடுத்துப் போங்க. நாலு பக்கத்தை மட்டும் அளந்தால் போதாது, மூலைக்கு மூலை இழுத்துப் பாருங்க. 30-க்கு 50 சரியான செவ்வகமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் 58 அடி 4 அங்குலம் கிட்ட வரணும். ஒண்ணு 57, இன்னொண்ணு 59½ என்றால் மனை கோணல். கோணல் தப்பில்லை, ஆனால் பத்திரத்தில் அப்படி எழுதியிருக்கணும்.

பட்டா கூட்டுப் பட்டாவாக (பல பேருக்கும் சேர்த்து ஒரே பட்டா) இருந்தால் உட்பிரிவு செய்யச் சொல்லி, தனிப் பட்டா வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்க. புலப்படத்தில் (சர்வே எண்ணுக்கான அளவை வரைபடம்) மனைக்குப் பின்னால் ஓடைக் கோடு ஓடுதா என்று பாருங்க. தரையில் ஓடை தெரியாது, மண்ணடித்து மட்டம் பண்ணியிருப்பாங்க. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. பேருந்து நிலையம் பக்கம் நின்ற வண்டிகளையே ஏரித் தண்ணி உருட்டிக்கிட்டுப் போச்சு. நாம மண்ணடித்து மறைத்தாலும் தண்ணி தன் பழைய வழியிலேயேதான் வரும்.

போர்வெல் வேலை, காவேரிப்பட்டினம்

இந்தப் பக்கம் மேலே கொஞ்சம் செம்மண், அதுக்குக் கீழே முழுக்கப் பாறை. பாறை வெடிப்பில் ஊறுவதுதான் தண்ணி. அதனால் பக்கத்து வீட்டில் 400 அடியில் பொங்கும், இங்கே 900 போனாலும் புகைதான் வரும். "போர் இருக்கு" என்று சொன்னால் அதோடு விடாதீங்க. மொத்த ஆழம் எவ்வளவு, கேசிங் (மண் சரியாமல் போருக்குள் இறக்கும் குழாய்) எத்தனை அடி, மோட்டார் எத்தனை அடியில் தொங்குது, அதில் எத்தனை ஸ்டேஜ் (தண்ணியை மேலே தள்ளும் அடுக்கு) என்று நாலு கேள்வி கேளுங்க. மேல்மண் முடிஞ்சு கெட்டிப் பாறையில் உட்கார்கிற வரைக்கும் கேசிங் போயிருக்கணும். காசை மிச்சம் பிடிக்க நடுவிலேயே நிறுத்தியிருந்தால் ஒவ்வொரு மழைக்கும் சேறு இறங்கி மோட்டார் சிக்கும். பிறகு மோட்டாரைத் தூக்க முடியாமல் போரையே கைவிட வேண்டியதுதான்.

சோதனை சுலபம். காலையில் தொட்டியைக் காலி பண்ணி மோட்டாரைப் போட்டு, 1,000 லிட்டர் தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகுது என்று பாருங்க. நிரம்பினதும் நிறுத்தாதீங்க. வழியட்டும், இன்னும் ஒரு மணி நேரம் ஓடட்டும். காற்றும் தண்ணியுமாக மாறி மாறித் துப்ப ஆரம்பித்தால் ஊற்று குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் பார்த்து முடிவு பண்ணாதீங்க. பங்குனி, சித்திரையில் பாருங்க. அதுவரை காத்திருக்க முடியாது என்றால், கோடையில் இந்தத் தெருவுக்குத் தண்ணி லாரி வாரம் எத்தனை முறை வருது என்று முக்குக் கடையில் கேளுங்க. கடைக்காரர் பொய் சொல்லத் தேவை இல்லை.

புதுசாகப் போர் போடணும் என்றால் திருச்செங்கோட்டு ரிக் வண்டி (போர் துளைக்கும் லாரி) நுழைந்து நிற்க வழி வேணும். பல குறுக்குத் தெருவில் ரிக் வண்டி திரும்பவே இடமிருக்காது.

அரசுப் பள்ளி ஆசிரியை, பென்னாகரம்

தண்ணி எவ்வளவு வருது என்று பேசினீங்க சார், எப்படிப்பட்ட தண்ணி என்று யாரும் சொல்லலையே. நம்ம இரண்டு மாவட்டத்துக்கும் ஃபுளோரைடு பழைய பகை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதுக்காகத்தான் 2013-ல் வந்தது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதுக்கு மேல் போனால் பல்லில் ஆரம்பித்து எலும்புக்குப் போகும். நிறமில்லை, வாசனையில்லை, ருசியிலும் தெரியாது. காய்ச்சினால் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட அளவு ஏறத்தான் செய்யும்.

தெருவில் பிறந்து வளர்ந்த பத்து, பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்துப் பாருங்க. முன்பல்லில் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைத் திட்டோ, குறுக்கே பழுப்புக் கோடோ இருந்தால் அந்தத் தெருப் போர்த் தண்ணியைப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் குடித்திருக்க வாய்ப்பு அதிகம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே தண்ணியில் மூணு முறை அலசி, இரண்டு லிட்டர் பிடித்துக் கொடுங்க. தொட்டியிலிருந்து பிடிக்காதீங்க, அதில் ஒகேனக்கல் தண்ணி கலந்திருக்கலாம்.

ஆர்.ஓ. வைத்தால் பெரும்பகுதி போயிடும். வெறும் கேண்டில் ஃபில்டருக்குப் போகாது. ஆர்.ஓ. கழிவுத் தண்ணியில் ஃபுளோரைடு இன்னும் செறிவாக இருக்கும். அதைப் பாத்திரம் கழுவலாம், தரை துடைக்கலாம், மாட்டுக்கு வைக்காதீங்க.

கொத்தனார், 25 வருஷம்

கட்டின வீட்டுக்கு வெள்ளை அடித்துப் புதுசாக்கியிருந்தால் உஷார். எதையோ மறைத்திருக்காங்க.

பூச்சில் முடி மாதிரி வலைப்பின்னல் விரிசல் ஒண்ணும் பண்ணாது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரிகிற விரிசல்தான் அஸ்திவாரம் இறங்கினது. பத்து ரூபாய்க் காசு விளிம்பு உள்ளே போனால் எஞ்சினியரைக் கூப்பிடுங்க. மண்ணடித்த மேட்டில் கட்டினதா, பழைய கெட்டி மண்ணா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்க. இங்கே செம்மண்ணும் கல்லும் கெட்டியாகத்தான் இருக்கும். ஏரி ஓரத்துக் களிமண்ணும் குவாரிக் கழிவு கொட்டி நிரப்பின பள்ளமும்தான் ஏமாற்றும்.

சுவர் அடியில் இரண்டடி உயரத்துக்குப் பெயின்ட் உரிஞ்சு வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் ஈரம் ஏறுது. குளியலறைக்கு வெளிப்பக்கச் சுவரையும் தொட்டுப் பாருங்க. மாடிக்குப் போய் ஒரு வாளி தண்ணி ஊற்றுங்க, ஓடிப் போய் குழாயில் விழணும், நடுவில் தேங்கக் கூடாது. சீலிங்கில் நேர்க்கோடாகப் பழுப்புக் கறை இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதியிருக்கு. அது பெயின்டில் தீராது, காங்கிரீட்டைக் கொத்தித்தான் சரி பண்ணணும்.

ரோட்டைவிட வீட்டுத் தரை இரண்டரை அடியாவது மேலே இருக்கணும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே காங்கிரீட் போட்டுப் போட்டு, வாசல் படி மூணு இருந்த இடத்தில் இப்போ ஒண்ணுதான் இருக்கும். படியை எண்ணுங்க. கீழ்ப்படி பாதி புதைந்திருந்தால் அடுத்த ரோட்டுக்குத் தண்ணி உள்ளே வரும்.

செப்டிக் டேங்க் பற்றி ஒரு வார்த்தை (அதே கொத்தனார்)

புறநகரில் பாதாளச் சாக்கடை இல்லை. அஞ்சு பேருக்கு நீளம் ஒன்றரை மீட்டர், அகலம் முக்கால் மீட்டர், நீர் ஆழம் ஒரு மீட்டர் என்பது குறைந்தபட்சம். உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணறு, போருக்கும் நடுவில் 18 மீட்டர் இருப்பது நல்லது, அதாவது 59 அடி. மேலே சர்வே சார் சொன்ன மூலைவிட்டம் 58 அடிதான். ஆக 30-க்கு 50 மனையில் எந்த மூலையில் எதைப் போட்டாலும் அந்த இடைவெளி வராது. உங்க குழியை நீங்க முன்னால் வைத்தாலும் பின் வீட்டுக்காரர் குழி உங்க போர் பக்கமே இருக்கும். எங்கே இருக்கு என்று எட்டிப் பார்த்து விசாரிக்க வெட்கப்படாதீங்க. ஃபுளோரைடோடு கோலிஃபார்ம் (கழிவுநீர் கலந்ததைக் காட்டும் கிருமி) சோதனையும் கேளுங்க. அதுக்கு மட்டும் கிருமி நீக்கின பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்கிக்கணும்.

லைன் வேலை பார்ப்பவர்

தெருவின் கடைசி வீடு என்றால் அமைதி கூடும், வோல்டேஜ் குறையும். சாயங்காலம் ஏழு மணிக்கு மல்டிமீட்டரில் பாருங்க. 230-க்கு ஆறு சதவீதம் கீழ் வரை, அதாவது 216 வரை சரி. 180-க்கு வந்தால் ஒன்றரை எச்.பி. மோட்டார் காயில் ஒரு கோடைக்குத் தாங்காது.

மேலே கம்பி போனால்: சாதாரண வீட்டு லைன் என்றால் கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டர், நேர் மேலே 2.5 மீட்டர். 11 ஆயிரம் வோல்ட் என்றால் பக்கவாட்டில் அதே 1.2, மேலே 3.7. இப்போ இடைவெளி இருக்கும், மாடி எடுத்தால் இருக்காது. கம்பம் மாற்றும் செலவு கேட்பவர் தலையில்தான்.

குடியிருப்பவர், கிருஷ்ணகிரி

எல்லாரும் பகல் பதினோரு மணிக்கு வீடு பார்க்கப் போறாங்க. அந்த நேரத்தில் எந்தத் தெருவும் அமைதிதான். விடிகாலை அஞ்சு, காலை எட்டே கால், ராத்திரி பத்து என மூணு முறை போங்க. அஞ்சு மணிக்குக் கோயில் ஸ்பீக்கர், எட்டே காலுக்கு ஸ்கூல் பஸ், பத்து மணிக்கு கிரானைட் அறுக்கிற சத்தம். பகலில் வண்டிச் சத்தத்தில் அமுங்கியிருக்கும், ஊர் அடங்கினால் அரை கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும். தருமபுரி என்றால் ரயில் பாதையும் பாருங்க, எங்க ஊருக்கு அந்தக் கவலை இல்லை, ரயிலே இல்லை. முகூர்த்த நாளில் ஒருமுறை போனால் பக்கத்தில் மண்டபம் இருக்கா என்பதும் தெரிஞ்சிடும்.

வங்கியில் வேலை, ஓய்வு

கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். 25 லட்சம் மதிப்புக்கு 2,25,000. இதைக் கடனில் சேர்க்க மாட்டாங்க, கையில் வைத்திருக்கணும். கடனும் 30 லட்சம் வரை 90, அதுக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம்தான் உச்சவரம்பு, அதுவும் பத்திர மதிப்பை வைத்து. பத்திரத்தைக் குறைத்துப் போட்டு மீதியை ரொக்கமாகக் கேட்பவரிடம் வாங்கினால் கடன் குறையும். 20,000-மோ அதுக்கு மேலோ ரொக்கம் சட்டப்படி தப்பு. 50 லட்சம் தொட்டால் ஒரு சதவீதம் டி.டி.எஸ். (விலையிலிருந்து பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குகிற நீங்கதான், விற்பவர் இல்லை.

சாவி வாங்குகிற அன்றைக்கு மின் மீட்டரை போட்டோ எடுங்க, தேதியோடு. மின் கணக்கு கட்டடப் பணிக்கான தற்காலிக இணைப்பாகவே தொடருதா என்று அட்டையில் பாருங்க, கட்டணம் பல மடங்கு. சொத்து வரி நடப்பு அரையாண்டு வரை கட்டின ரசீதும், பேர் மாற்ற விற்பவர் கையெழுத்திட்ட கடிதமும் அன்றைக்கே வாங்கிடுங்க. பணம் முழுசாகக் கைமாறின பிறகு அவர் போனை எடுக்கிறாரா என்பது அவர் குணத்தைப் பொறுத்தது.